பீரங்கியை மணியாக்க எவ்வளவு வெள்ளீயம் வேண்டும்?

நூறு கிலோ பீரங்கி வெண்கலம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய காலத்துப் பீரங்கி என்றால் அதில் தோராயமாக 90 கிலோ செம்பு, 10 கிலோ வெள்ளீயம். அதை உருக்கி, மேலே இன்னொரு 15 கிலோ வெள்ளீயத்தைப் போட்டுக் கலக்கினால் தேவாலய மணி வார்க்கத் தோதான கலவை வந்துவிடும். திருப்பிப் போட்டுப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி. நூறு கிலோ மணியை உருக்கிப் பீரங்கிக் கலவையாக்க 120 கிலோ செம்பைக் கொண்டுவந்து கொட்ட வேண்டும். ஆக மணியிலிருந்து பீரங்கிக்குப் போவதுதான் செலவு அதிகம். ஆனாலும் ஐரோப்பாவில் சண்டை வந்த போதெல்லாம் மணிகளைக் கோபுரத்திலிருந்து இறக்கியிருக்கிறார்கள், சண்டை முடிந்ததும் பிடித்து வைத்த பீரங்கிகளை உருக்கி மறுபடி மணி வார்த்திருக்கிறார்கள்.

இந்தப் போக்குவரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று இத்தாலியின் வடக்கே, மலையடிவாரத்தில் ரொவெரேட்டோ என்ற சின்ன ஊரில் தொங்குகிற மணி. பெயர் மரியா டோலென்ஸ். லத்தீன் பெயர்; நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் வியாகுல மாதா என்பார்களே, அதே பொருள்தான். எடை 22,639 கிலோ, உயரம் 3.36 மீட்டர், வாய் விட்டம் 3.21 மீட்டர், நாக்கு மட்டுமே 600 கிலோ. முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காகச் செய்தது. அதிலும் ஒரு நாட்டின் இறந்தவர்களுக்கு மட்டும் என்றில்லாமல், இரண்டு பக்கமும் செத்த எல்லாருக்குமாக. 1920களில் இது சாதாரண விஷயம் இல்லை. அப்போது ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் நினைவுச்சின்னம் எழும்பிக்கொண்டிருந்தது, ஆனால் எல்லாவற்றிலும் நம்மாள் பெயர் மட்டும்தான் இருக்கும்.

ஏன் இந்த ஊருக்கு மட்டும் அப்படித் தோன்றியது? ஊரின் வரலாற்றைப் பார்த்தால் புரியும். ரொவெரேட்டோவில் பேசுவது இத்தாலியன், ஆனால் 1918 வரை அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கையில் இருந்தது. 1914-ல் போர் தொடங்கியதும் ரொவெரேட்டோ இருக்கிற ட்ரென்டினோ பகுதி இளைஞர்களைப் பேரரசின் படையில் சேர்த்து, ரஷ்யர்களோடு சண்டை போடப் பேரரசின் வடகிழக்கு மூலையில் இருந்த கலீசியாவுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் திரும்பி வரவில்லை. அதே ஊரைச் சேர்ந்த வேறு சில பேர் எல்லை தாண்டிப் போய் இத்தாலியப் படையில் சேர்ந்தார்கள். அப்படிப் போன தமியானோ கியேசா என்ற ரொவெரேட்டோ இளைஞரை ஆஸ்திரியர்கள் பிடித்து 1916 மே மாதம் சுட்டுக் கொன்றார்கள். போர் முடிந்தது, ஊர் இத்தாலிக்குப் போனது. இப்போது யோசித்துப் பாருங்கள், ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பையன் ஆஸ்திரியச் சீருடையில் செத்திருக்கிறான், அடுத்த வீட்டுப் பையன் இத்தாலிக்காகச் செத்திருக்கிறான். வென்ற பக்கத்துக்கு மட்டும் கல் நட்டால் ஊரில் பல வீட்டுத் தாய்மார்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அந்தோனியோ ரொஸ்ஸாரோ என்ற உள்ளூர்ப் பாதிரியார்தான் மணி யோசனையைச் சொன்னவர். கல்லில் பெயர் பொறித்தால் யார் பெயர், எந்த மொழியில், எந்தக் கொடிக்குக் கீழே என்று சண்டை வரும். மணி ஓசைக்குக் கொடியும் கிடையாது மொழியும் கிடையாது. அவர் இப்படி யோசித்தாரா என்பது வேறு விஷயம், ஆனால் அந்த ஊருக்கு மணி பொருந்திப்போனதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். போரில் கலந்துகொண்ட 19 நாடுகள் பீரங்கி வெண்கலம் கொடுத்தன. 1924 அக்டோபர் 30-ம் தேதி ட்ரென்டோவில் கொல்பக்கீனி வார்ப்புப் பட்டறையில் மணியை வார்த்தார்கள். மேலே இருக்கிற புடைப்பு உருவங்கள் ஸ்டெஃபனோ சுவெக் என்ற சிற்பியின் கைவேலை. 1925 மே மாதம் பெயர் சூட்டினார்கள், அக்டோபர் 4-ம் தேதி மன்னர் மூன்றாம் விட்டோரியோ இமானுவேலே முன்னிலையில், ரொவெரேட்டோ கோட்டையின் கொத்தளத்தில் அது முதல்முறையாக ஒலித்தது.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். 1914-ல் பீரங்கிகளெல்லாம் எஃகுதானே, வெண்கலம் எங்கிருந்து வந்தது? நியாயமான கேள்வி. பெரும்பாலான படைகள் அதற்குள் எஃகுக்கு மாறிவிட்டிருந்தன என்பது உண்மைதான். ஆனால் ஆஸ்திரிய-ஹங்கேரி, உஹாட்டியுஸ் என்ற அதிகாரி 1870களில் கண்டுபிடித்த ஒரு வகைக் கெட்டி வெண்கலத்தில் குழாய் செய்த களப் பீரங்கிகளை முதல் உலகப் போரிலும் பயன்படுத்தியது. வெண்கலக் குழாயின் உட்புறத்தை விட்டத்தைவிடச் சற்றுப் பெரிய எஃகு உருளையால் அழுத்தி விரித்து இறுக வைப்பார்கள், அதில் வெள்ளீயம் 8 சதவீதம் அளவுதான். மற்ற நாடுகளிலும் கிடங்குகளிலும் கோட்டைகளிலும் பழைய வெண்கலப் பீரங்கிகள் கிடந்தன. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: போரில் பறித்த மணிகளெல்லாம் பீரங்கியாக மாறின என்று பலரும் எழுதுகிறார்கள், அது பாதிதான் சரி. 20-ம் நூற்றாண்டில் மணியிலிருந்து வேண்டியது செம்பும் வெள்ளீயமும்தான். குண்டின் இடுப்பைச் சுற்றி ஒரு செம்புப் பட்டை இருக்கும், குழாய்க்குள் இறுக்கமாகப் போய்ச் சுழல்வதற்காக. அந்த மாதிரிச் சின்னச் சின்ன உறுப்புகளுக்குத்தான் செம்பு போய்ச் சேர்ந்தது.

சரி, இவ்வளவு பெரிய மணியை எப்படி வார்க்கிறார்கள்?

சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்குப் பாதி வேலை ஏற்கனவே தெரியும்: மெழுகில் உருவம், மேலே மண் பூச்சு, சூடு காட்டினால் மெழுகு ஓடிவிடும், வந்த வெற்றிடத்தில் உலோகம். இருபது டன் மணிக்கு முழுதாக மெழுகு செய்ய முடியாது, அதனால் மண்ணிலேயே ஒரு பொய் மணி செய்கிறார்கள். முதலில் செங்கல் அடுக்கி உள்ளே பொள்ளலாக ஒரு கூம்பு, அதன் மேல் களிமண்ணும் குதிரைச் சாணமும் ஆட்டு மயிரும் பிசைந்த கலவை. நடுவில் ஒரு அச்சாணி, அதில் மணியின் உட்பக்க வளைவை அப்படியே வெட்டி எடுத்த ஒரு பலகை. அந்தப் பலகையைச் சுற்றிச் சுற்றி இழுத்தால் மண் வழவழவென்று வடிவத்துக்கு வரும், நம் குயவர் சக்கரத்தைச் சுற்றுவார், இங்கே சக்கரம் நிற்க, பலகை சுற்றும். உள்ளே தீ மூட்டிக் காயவைப்பார்கள். சாணமும் மயிரும் எதற்கு என்றால், காயும்போது மண் வெடிக்காமல் பிடித்துக்கொள்ளும், சூட்டில் எரிந்துபோய் நுண்ணிய துளைகளை விட்டுச்செல்லும், ஊற்றும்போது வருகிற ஆவி அந்தத் துளைகள் வழியாக வெளியேறும். இல்லையென்றால் அந்த ஆவி உலோகத்துக்குள்ளேயே குமிழாகத் தங்கிவிடும்.

அடுத்து அதன் மேல் இன்னொரு மண் அடுக்கு, மணி எவ்வளவு தடிமனோ அவ்வளவு தடிமன், வெளிப்பக்க வளைவுக்கு வெட்டிய வேறொரு பலகையால் தேய்த்தது. இதுதான் பொய் மணி. இதன் மேல்தான் எழுத்துகளும் உருவங்களும் மெழுகில் ஒட்டப்படும். அதன் மேல் வெளி அச்சு, முதல் பூச்சு தண்ணீர் மாதிரி நைசான மண், தூரிகையால் தடவுவது, ஏனென்றால் அதுதான் எழுத்தின் ஒவ்வொரு வளைவையும் பிடிக்கும். பிறகு கெட்டியான அடுக்குகள், இரும்புப் பட்டைகள். காய்ந்த பிறகு வெளி அச்சை அப்படியே மேலே தூக்கிவிட்டு, பொய் மணியை உடைத்து எறிந்துவிட்டு, வெளி அச்சை மறுபடி இம்மி பிசகாமல் இறக்கி வைப்பார்கள். உள் அச்சுக்கும் வெளி அச்சுக்கும் நடுவே இப்போது இருக்கிற இடைவெளிதான் மணி. இந்த இறக்கி வைக்கிற வேலையில் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலும் மணியின் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் போய், ஓசை அலைபாயும்.

அச்சு முழுவதையும் ஒரு குழியில் இறக்கி, சுற்றிலும் மண் போட்டுத் திமிசுக்கட்டையால் கெட்டிக்கிறார்கள். இது ஏன் என்று கேட்டால், கணக்கு போட்டுப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். மூன்று மீட்டர் உயரத்துக்கு நிற்கிற உருகிய வெண்கலம் அடியில் கொடுக்கிற அழுத்தம், கிட்டத்தட்ட 25 மீட்டர் ஆழமான தண்ணீருக்கடியில் இருக்கும் அழுத்தத்துக்குச் சமம். மண் அச்சு தனியாக நின்றால் பிளந்துகொண்டு போய்விடும். இத்தனைக்கும் உலோகத்தின் கொள்ளளவு பெரிதில்லை. 22 டன் என்றால் மலை மாதிரித் தோன்றும், ஆனால் வெண்கலத்தின் அடர்த்திக்கு அது 2,600 லிட்டர்தான், மொட்டை மாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி இரண்டரை.

உலையில் முதலில் செம்பு. அது உருகுவது 1,085 டிகிரியில். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால் அதைக் கடைசியில்தான் போட வேண்டும், முன்கூட்டிப் போட்டால் ஆக்சைடாகிக் கசடாக வீணாகும். பச்சை மரக்கம்பை உள்ளே விட்டுக் கலக்குவது பழைய பழக்கம், கம்பிலிருந்து கிளம்புகிற ஆவி கொதித்து உலோகத்தைக் கலக்கிவிடும், கரைந்திருக்கிற ஆக்சிஜனையும் பிடித்துக்கொண்டு போகும். ஊற்ற ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது. நடுவில் ஒரு நிமிடம் தடைபட்டால் அந்த இடத்தில் ஒட்டாத கோடு விழுந்துவிடும், அவ்வளவு மாத வேலையும் போச்சு. ஊற்றிய பிறகு பொறுமை வேண்டும். பெரிய மணியை நாள்கணக்கில் மண்ணுக்குள்ளேயே ஆறவிட வேண்டும்.

நாடுகள் அனுப்புகிற பீரங்கித் துண்டுகள் பட்டறைக்காரருக்குத் தலைவலி என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறியீடாகப் பார்த்தால் அழகு. உலோகமாகப் பார்த்தால் ஒவ்வொரு துண்டிலும் செம்பு, வெள்ளீயம் எவ்வளவு என்று தெரியாது, காரீயமும் துத்தநாகமும் கலந்திருக்கலாம். காரீயம் கொஞ்சம் கூடினாலும் மணி மந்தமாகிவிடும், பாத்திரக் கடையில் சுண்டிப் பார்த்து வாங்குகிற நம் பாட்டிமார்கள் முகத்தைச் சுளிப்பார்களே, அந்தச் சத்தம். பீரங்கிக்கும் மணிக்கும் தேவை நேர் எதிர். பீரங்கிக்கு வெடி வைத்தால் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்க வேண்டும், உடையக் கூடாது, அதனால் வெள்ளீயம் குறைவு. மணி நீண்ட நேரம் கார்வையோடு ஒலிக்க வேண்டும், அதற்கு உலோகத்துக்குள் அதிர்வை விழுங்காத கடினமான படிகங்கள் வேண்டும், வெள்ளீயம் 20 சதவீதத்தைத் தாண்டினால்தான் அவை போதுமான அளவு உருவாகும். அந்தப் படிகங்களே மணியைக் கண்ணாடி மாதிரி நொறுங்கும் பொருளாகவும் ஆக்குகின்றன. நல்ல ஓசை வேண்டுமென்றால் உடையும் அபாயத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

ஓசை பற்றி இன்னும் ஒரு விஷயம். ஐரோப்பிய மணியில் ஒரே அடிக்குப் பல சுரங்கள் சேர்ந்து எழும். ஆதார சுரத்துக்கு மேலே அதில் அழுத்தமாகக் கேட்பது நம் கணக்கில் சாதாரண காந்தாரம், கரகரப்பிரியாவில் வருவது. மணியின் வளைவே அந்த இடைவெளியைக் கொண்டுவருகிறது, சாதாரணமான மணி வடிவத்தில் அந்தர காந்தாரம் வராது. கல்யாணத்துக்கு அடித்தாலும் சாவுக்கு அடித்தாலும் தேவாலய மணியில் லேசான சோகம் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் கேட்கிறது. ஏன் இவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டும் என்பதற்கும் பதில் ஓசையில்தான் இருக்கிறது: வடிவம் மாறாமல் சுருதியை ஒரு ஸ்தாயி இறக்க வேண்டுமென்றால் எல்லா அளவும் இரட்டிப்பாக வேண்டும், எடை எட்டு மடங்கு. ஆழமான ஓசைக்கு ஆசைப்பட்டால் டன் கணக்கில் விலை கொடுக்க வேண்டும்.

போர் வெண்கலத்தில் மணி வார்ப்பது ரொவெரேட்டோவில் பிறந்த யோசனை இல்லை. ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் கைசர் மணி என்று ஒன்று இருந்தது. 1870-71 போரில் பிரான்ஸிடமிருந்து பிடித்த 22 பீரங்கிகளை ஜெர்மன் பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் கொடுக்க, சுமார் 27 டன்னில் வார்த்தார்கள். இது துக்க மணியே இல்லை, வெற்றி மணி. ஒருமுறையில் சரியாக வரவில்லை, மூன்று முறை வார்த்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். அதற்கப்புறமும் வம்பு. மணியை ஆட்டினால் நாக்கும் அதே வேகத்தில் சேர்ந்து ஆடியதால் மோதவே இல்லை, ஊஞ்சலில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் இடிக்க மாட்டார்கள் அல்லவா, அந்தக் கதை. கொலோன்காரர்கள் அதற்கு ஊமை என்றே பட்டம் கொடுத்தார்கள். 1908-ல் நாக்கு கழன்று விழுந்தது. கடைசியில் 1918-ல் போர்த் தேவைக்காக அதை உடைத்து உருக்கிவிட்டார்கள், பீரங்கியிலிருந்து வந்தது மறுபடி ஆயுதத் தொழிற்சாலைக்கே போனது, நாற்பத்துச் சொச்சம் வருடத்தில் ஒரு முழுச் சுற்று.

வியன்னாவின் பும்மரின் மணியும் அப்படித்தான். துருக்கியரிடம் பிடித்த பீரங்கிகளை உருக்கி 1711-ல் வார்த்தது, 1945 ஏப்ரலில் புனித ஸ்டீஃபன் பேராலயம் எரிந்தபோது கீழே விழுந்து நொறுங்கியது, அந்தத் துண்டுகளையும் சேர்த்து 1951-ல் புது மணி வார்த்தார்கள்.

எனக்கு இவற்றைவிட மனசில் நிற்பது இங்கிலாந்தின் லஃபரோ ஊர். அங்கே மணி வார்ப்பதையே தொழிலாகச் செய்கிற டெய்லர் குடும்பத்தில் மூன்று சகோதரர்கள் முதல் உலகப் போரில் இறந்துபோனார்கள். ஊர் சேர்ந்து 1923-ல் 47 மணிகள் கொண்ட நினைவுக் கோபுரம் கட்டியபோது, அதில் மிகப் பெரிய மணியை, நாலு டன்னுக்கு மேல் எடையுள்ளதை, அந்த மூன்று பேரின் நினைவாக அவர்களுடைய சித்தப்பா பெரியப்பா முறைக்காரரான டெனிசன் டெய்லர் கொடுத்தார். மற்ற ஊர்கள் பட்டறைக்கு ஆர்டர் கொடுத்தன, இங்கே பட்டறைக்காரர் வீட்டிலேயே இழவு.

ரொவெரேட்டோவுக்குத் திரும்புவோம். 1924-ல் வார்த்த மணியை 1939-ல் வெரோனாவில் கவாதினி பட்டறையில் உருக்கி மறுபடி வார்த்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் போப் பன்னிரண்டாம் பயஸ் வானொலியில் அமைதியால் எதுவும் இழக்கப்படுவதில்லை, போரால் எல்லாம் இழக்கப்படலாம் என்று பேசினார், ஒரு வாரத்தில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. புது மணி ரொவெரேட்டோவுக்கு வந்து சேர்ந்தது 1940 மே மாதம். ஜூன் 10-ம் தேதி இத்தாலியும் போரில் குதித்தது. போரில் இறந்தவர்களுக்கான மணி கோபுரம் ஏறி ஒரு மாதம்கூடச் சரியாக ஆகவில்லை.

அந்தப் போரில் ஜெர்மனி தன் மணிகளையும் தான் பிடித்த நாடுகளின் மணிகளையும் ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்தது. டி என்றால் பழமையானது, தொடக் கூடாது. ஏ என்றால் நேரே உலைக்கு. ஐரோப்பா முழுவதும் சுமார் 1,75,000 மணிகளை இறக்கினார்கள், அதில் ஒன்றரை லட்சம் அழிந்தன. போர் முடிந்தபோது ஹாம்பர்க் துறைமுகத்தில் மிச்ச மணிகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன, மக்கள் அதை மணிகளின் மயானம் என்றார்கள். ரொவெரேட்டோ மணி தப்பித்தது.

தப்பித்தது, ஆனால் 1960-ல் அதுவே விரிசல் விட்டது. யாரும் குண்டு போடவில்லை, அடித்து அடித்தே போனது. நினைவுச்சின்னங்களில் மணிக்கு மட்டும் இந்த வினோதமான தலைவிதி உண்டு. கல் தூணுக்குச் சும்மா நிற்பதுதான் வேலை, யாரும் தொடாவிட்டால் நூற்றாண்டுகள் நிற்கும். மணி வேலை செய்தால்தான் நினைவுச்சின்னம், வேலை செய்யச் செய்யத் தேயும். ஒரு விரிசல் விட்டால் ஓட்டைப் பானை சத்தம்தான். பற்றவைக்கலாமே என்றால், இந்த வெண்கலத்தை அந்த ஓர் இடத்தில் மட்டும் சூடாக்கினால் பக்கத்தில் புது விரிசல் ஓடும், மணி முழுவதையும் உலையில் வைத்து மெல்லச் சூடேற்றிச் செய்ய வேண்டும், இவ்வளவு பெரிய மணியை அப்படிச் செய்வது எளிதில்லை. ஆக மூன்றாவது முறை. 1964 அக்டோபர் 1-ம் தேதி ரெஜியோ எமிலியா பக்கம் கஸ்தெல்நோவோ நெ மோந்தியில் கப்பான்னி பட்டறையில் வார்த்தார்கள். இன்று தொங்குவது இந்த மூன்றாவது மணிதான். இதில் பன்னிரண்டாம் பயஸின் அந்த 1939 வாசகத்தையும் பொறித்திருக்கிறார்கள்.

1965 அக்டோபர் 31-ம் தேதி ரோமில் புனித பீட்டர் சதுக்கத்தில் போப் ஆறாம் பால் அதை ஆசீர்வதித்தார். நவம்பர் 4-ம் தேதி ரொவெரேட்டோவுக்கு மேலே மிராவல்லே குன்றில் ஏற்றினார்கள். கோட்டையில் இல்லை, குன்றில், திறந்த வெளியில், சுற்றிலும் நாடுகளின் கொடிகள். கொடியே வேண்டாம் என்பதற்காக மணியைத் தேர்ந்தெடுத்த ஊரில் கடைசியில் இத்தனை கொடிகள் வந்துவிட்டன என்று ஒரு பக்கம் சிரிப்பும் வருகிறது. நவம்பர் 4 என்ற தேதியும் சும்மா வந்ததில்லை, 1918-ல் ஆஸ்திரியாவோடு போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்த நாள், இத்தாலியில் அது வெற்றி நாள். எல்லா நாட்டு இறந்தவர்களுக்குமான மணிக்கு ஒரு நாட்டின் வெற்றி நாளைத் தேர்ந்தெடுத்தது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

இது தினமும் இரவில் நூறு முறை ஒலிக்கிறது. வருடத்துக்கு 36,500 அடி. இந்த மாதிரி மணிகளைப் பராமரிப்பவர்கள் இரண்டு விஷயத்தில் கண்ணாக இருப்பார்கள். நாக்கு மணியைவிட மென்மையான இரும்பில் இருக்க வேண்டும், தேய்ந்தால் நாக்கு தேயட்டும், அதை மாற்றிக்கொள்ளலாம். அப்புறம், பல வருடம் ஒரே இடத்தில் அடிபட்டு விளிம்பில் பள்ளம் விழுந்தால், மணியைக் கால் சுற்று திருப்பித் தொங்கவிடுவார்கள், நாக்கு இதுவரை தொடாத இடத்தில் விழும்படியாக.